தரையிலிருந்து ஒரு முழம்

2018 ஐப்பசியில் ஒரு விடியற்காலை. ஆடிப்பட்டத்தில் விதைத்த நிலக்கடலைக்கு அன்று தொண்ணூற்றைந்தாவது நாள். இன்னும் பத்து நாளில் பிடுங்கலாம் என்று ஆட்களுக்குச் சொல்லி வைத்திருந்தேன். அப்பா காலமான பிறகு ஈரோட்டு வேலையை விட்டுவிட்டு வந்து நானே செய்த முதல் பண்ணையம் அது. கடலைக்காட்டின் வடமேற்கு மூலைக்குப் போனபோது ஏறத்தாழ இருபது சென்ட் அளவுக்குச் செடியே இல்லை.

மாடு புகுந்திருந்தால் தழையை மேய்ந்திருக்கும். ஆடு புகுந்திருந்தால் கொழுந்தைக் கடித்திருக்கும். இங்கே மண் புரண்டு கிடந்தது. யாரோ இரவோடு இரவாக ஏர் பூட்டிக் கோணல்மாணலாக உழுதுவிட்டுப் போனது போல நீள நீளமான சால்கள். வேரோடு பெயர்ந்த செடிகள் வாடிக் குவிந்திருந்தன. காய் ஒன்றுகூட மிச்சமில்லை, மென்று துப்பிய ஓடுகள் மட்டும் சேற்றோடு சேர்ந்து கிடந்தன. நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா வந்தார். உறவுமுறையில் பெரியப்பா இல்லை, அப்படி அழைத்துப் பழகிவிட்டது. இளமையில் பர்கூர் மலையில் மாடு மேய்த்தவர். அவர் புரண்ட மண்ணைப் பார்க்கவே இல்லை. நேராக வேலிக்குப் போய், அதன் ஓரமாகவே நடந்து, ஓரிடத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“நின்றுகொண்டு வேலியைப் பார்த்தால் உனக்கு ஒன்றும் தெரியாது அம்மிணி. பன்றி உயரத்துக்குக் குனிந்து பார்.”

குனிந்து பார்த்தேன். நிற்கும்போது அடர்த்தியான பச்சைச் சுவராகத் தெரிந்த எங்கள் கிளுவை வேலி, அடியில் ஒரு முழ உயரத்துக்கு வெறும் தூர்களாக நின்றது. இரண்டு தூர்களுக்கு நடுவில் ஒரு வளைவு. அதன் அடிமண் வழவழவென்று தேய்ந்திருந்தது. பக்கத் தூரில் காய்ந்த சேறு, அதில் ஒட்டியபடி கறுப்பும் பழுப்புமான விறைத்த மயிர். பெரியப்பா அந்த மயிரை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். துடைப்பக்குச்சி போல இருந்தது. “இது நேற்றுப் போட்ட வழி இல்லை. ஒரு மாதமாக வந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. காய் முற்றட்டும் என்று காத்திருந்தது” என்றார்.

அந்த வேலியை நான் தினமும் பார்த்தேன், என் கண் உயரத்தில். காட்டுப்பன்றியின் உலகம் தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு இந்த ஏழு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட எல்லாமே அந்த ஒரு முழத்துக்குள் அடங்குபவைதான்.

எங்கள் தோட்டம் அந்தியூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. காப்புக்காட்டின் எல்லை அரைக் கிலோமீட்டர் தூரம். 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம், அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களில் ஏறத்தாழ 80,000 ஹெக்டேருக்கு விரிந்து கிடப்பது, எங்களுக்கு மேலேதான் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஒரு பள்ளம் எங்கள் நிலத்தின் ஓரமாகப் போகிறது. வருடத்தில் ஒன்பது மாதம் அதில் தண்ணீர் இருக்காது. சீமைக்கருவேலம் மட்டும் மண்டிக் கிடக்கும். பன்றி தினமும் மலையிலிருந்து இறங்கி வருகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இந்தப் பள்ளத்து முள்ளுக்குள்ளேயே பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறது. நிழல் இருக்கிறது, ஆள் நடமாட்டம் இல்லை, பத்தடி நடந்தால் சாப்பாடு. காட்டுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர்களில்கூடக் காட்டுப்பன்றி வருகிறதே, எப்படி என்று கேட்பவர்கள் அங்கே இருக்கும் ஓடையையும் ஏரிக்கரையையும் போய்ப் பார்க்க வேண்டும். வழி நெடுக முள்மரம் இருந்தால் காடே ஊருக்குள் நீண்டு வந்ததாகத்தான் அதற்குக் கணக்கு.

பன்றியைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் மூக்கு. கண் பார்வை மட்டம். தூரத்தில் அசையாமல் நிற்கும் ஆளை அது கவனிப்பதே இல்லை. காது கூர்மை. மூக்கோ எல்லாவற்றுக்கும் மேல். வட்டமான அந்த மூக்கு நுனிக்குள் தனியாக ஒரு சிறு எலும்பு இருக்கிறது. அதனால்தான் காய்ந்து இறுகிய மண்ணையும் அது மண்வெட்டி போலப் பெயர்க்கிறது. மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் இருக்கும் கிழங்கை மேலே இருந்தே மோந்து கண்டுபிடிக்கிறது.

இதை இரண்டாம் வருடம் கண்ணால் கண்டேன். மாலையில் கடலை விதைப்பு முடித்தோம். இரவு சிறு தூறல். மறுநாள் காலையில் போனால், விதைத்த சால்களை ஒட்டியே, ஒரு சால்கூடத் தப்பாமல், வரிசையாகக் குழிகள். விதை போட்டவளுக்கே எந்த இடத்தில் விதை விழுந்தது என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது. ஈர மண்ணிலிருந்து விதை வாசம் எழும்பியதும் அது வரி பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. மக்காச்சோளத்திலும் இதே கதைதான். ஆகவே விதைத்த நாளிலிருந்து முளை நன்றாக மேலே வரும் வரை, ஏறத்தாழ பத்து நாள், ஒரு காவல். பிறகு கடலையில் விழுது இறங்கிக் காய் திரளும்போது, சோளத்தில் பால் பிடிக்கும்போது, மரவள்ளியில் கிழங்கு பருக்கத் தொடங்கியதிலிருந்து, இன்னொரு காவல். நடுவில் உள்ள நாட்களில் நிம்மதியாகத் தூங்கலாம். நான் அந்த வருடம் நூறு நாளும் விழித்துக் காய்ச்சலில் விழுந்தேன். பயிரின் நாள் கணக்கைத் தெரிந்து காவலை அதற்கேற்ப வைத்துக்கொண்டால் உடம்பும் தாங்கும்.

அது எதைத் தின்னும் என்று கேட்டால் எதைத் தின்னாது என்று சொல்வது சுலபம். கிழங்கு, வேர், விழுந்த பழம், மண்புழு, வண்டுப்புழு, நத்தை, பறவை முட்டை, பாம்பு, செத்த உடல் எல்லாம் அதற்கு உணவு. எங்கள் மஞ்சள் பாத்தியைக் கிளறிப் போட்டபோது மஞ்சளைத் தின்றதாக நினைத்துப் பதறினேன். கிழங்குகள் அப்படியே சிதறிக் கிடந்தன. தொழு உரம் கொட்டிய பாத்தியில் மண்புழு திரண்டிருந்தது, அதற்காக வந்திருக்கிறது. புதிதாக நட்ட தென்னம்பிள்ளையைத் தோண்டுவதும் உள்ளே இருக்கும் தேங்காய்ப் பூவுக்காக. தென்னம்பிள்ளை நடுகிறவர்கள் முதல் வருடம் சுற்றிலும் முள்ளை நெருக்கமாகப் புதைத்து வையுங்கள். நான் ஒரே வாரத்தில் பதினான்கு பிள்ளைகளை இழந்தேன். மிளகாய், ஆமணக்கு இரண்டையும் எங்கள் பக்கம் அது சீண்டியதில்லை. ஆமணக்கை நாங்கள் கொட்டமுத்து என்போம். மக்காச்சோளத்தைச் சுற்றிக் கொட்டமுத்தை நான்கு வரிசை நெருக்கமாகப் போட்டுப் பார்த்தேன். சேதம் நன்றாகக் குறைந்தது. சோளத்துக்கு முன்பே அதை விதைத்துவிட வேண்டும். சேர்ந்து விதைத்த வருடத்தில் கொட்டமுத்து முழங்கால் உயரம் வருவதற்குள் சோளம் போய்விட்டது.

மூன்றாம் வருடம் மார்கழி நிலவில், தோட்டத்து வீடான சாளையின் கூரைமேல் உட்கார்ந்து ஒரு கூட்டத்தை முழுதாகப் பார்த்தேன். முன்னால் ஒரு பெரிய பெண் பன்றி. வேலி ஓரத்தில் நின்று நெடுநேரம் மோந்தது. பின்னால் இருந்தவை அசையவில்லை. அது ஒரு மெல்லிய உறுமல் கொடுத்த பிறகுதான் மற்றவை வந்தன. மூன்று பெண் பன்றிகள், பாதி வளர்ந்த ஐந்தாறு, கடைசியில் அணில் போல முதுகில் கோடு போட்ட குட்டிகள். குட்டிகளுக்கு அந்தக் கோடு நான்கைந்து மாதத்தில் மறைந்துவிடும். கோடு இருக்கும் வரை, புல்லுக்குள் படுத்தால் கண்ணுக்கே தெரியாது. ஒரு குட்டி வழிமாறி என் சாளைச் சுவரோரம் வந்து கிச்சிட்டது. தாய்ப்பன்றி தலையை உயர்த்தியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குட்டி ஓடிச் சேர்ந்ததும் கூட்டம் மறுபடியும் மேயத் தொடங்கியது. என் பயிரைத்தான் தின்றுகொண்டிருந்தன. ஆனாலும் அந்தத் தாய் தலையைத் திருப்பிய வேகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

கூட்டம் என்பது தாய்களும் குட்டிகளும்தான். வளர்ந்த ஆண் தனியே திரியும், சேரும் காலத்தில் மட்டும் வரும். சினைக்காலம் ஏறத்தாழ 115 நாள். ஓர் ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு குட்டிகள் சாதாரணம். ஈனுவதற்கு முன் பெண் பன்றி கூட்டத்தை விட்டு விலகிப் புல்லையும் தழையையும் கடித்துக் கொண்டுவந்து மெத்தை போலக் குவித்துக் கூடு கட்டும். குளம்புள்ள விலங்கு கூடு கட்டுகிறது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். கரும்பு வெட்டும்போது தோகைக் குவியல் ஏதாவது மேடாகத் தெரிந்தால் கையை விடாதீர்கள், காலால் தட்டாதீர்கள். சத்தம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று அதற்கு வழி விடுங்கள்.

தலைமைப் பெண் பன்றிதான் கூட்டத்தின் நினைவு. எந்தத் தோட்டத்தில் எந்த மூலையில் சந்து இருக்கிறது, எங்கே நாய் இருக்கிறது, எங்கே தண்ணீர் கசிகிறது என்பதெல்லாம் அதனிடமிருந்துதான் குட்டிகளுக்குப் போகிறது. எங்கள் வடமேற்கு மூலைச் சந்தை நான் அடைத்து மூன்று வருடம் கழித்தும் அதே இடத்தில் வந்து மூக்கால் முட்டிப் பார்த்த தடம் இருந்தது.

தடம் படிப்பதைப் பெரியப்பாதான் கற்றுக்கொடுத்தார். ஆட்டுக்கும் பன்றிக்கும் பிளந்த குளம்புதான். ஈர மண்ணில் பன்றியின் தடத்துக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சிறிய பின்குளம்பு பதிந்திருக்கும். ஆட்டுத் தடத்தில் அது சாதாரணமாகப் பதிவதில்லை. மரத்தில் சேறு பூசியிருக்கும் உயரத்தைப் பார்த்தால் வந்துபோன பன்றியின் உயரம் தெரியும். என் இடுப்பளவுக்குச் சேறு இருந்த ஒரு வேப்பமரத்தைக் காட்டி, “இந்தப் பக்கம் இருட்டில் தனியாக வராதே” என்றார். அது ஒற்றை ஆண் பன்றி முதுகு தேய்க்கும் மரம்.

சேற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்றிக்கு வியர்வையால் உடம்பைக் குளிர்விக்கும் வழி இல்லை. சேற்றில் புரண்டுதான் சூட்டைத் தணிக்கிறது. சேறு காய்ந்ததும் மரத்தில் தேய்த்தால் உண்ணியும் சேர்ந்து உதிர்கிறது. எங்கள் கிணற்று மேட்டுக்குக் கீழே ஒரு குழாய் இணைப்பு வருடக்கணக்காகக் கசிந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு சேற்றுக்குழி. அப்பா காலத்திலிருந்து எருமைக்குழி என்று நினைத்திருந்தோம், எங்களிடம் எருமை விற்றுப் பல வருடமான பிறகும். கோடையில் சுற்று வட்டாரத்துப் பன்றிகளுக்கெல்லாம் அதுதான் குளியலிடம். குழாயைச் சரிசெய்து குழியை மூடியதும் அந்தக் கோடையில் வந்த தடங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. வேலிக்குச் செலவழிப்பதற்கு முன் தோட்டத்துக்குள் எதை விருந்தாக வைத்திருக்கிறோம் என்று பார்ப்பது நல்லது. கசியும் குழாய், விழுந்து அழுகும் மாம்பழம், கடலை பிடுங்கிய பிறகு மண்ணில் தங்கிய காய், இரு வேலிக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதையின் ஓரத்தில் யாரோ இரவில் கொட்டிவிட்டுப் போகும் கோழிக்கழிவு. இந்தக் கடைசி விஷயத்துக்கு நான் ஊரில் சண்டையே போட்டிருக்கிறேன். அந்த ருசி கண்ட கூட்டம் மலைக்குத் திரும்புவதே இல்லை.

விரட்டும் வித்தைகள் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். பழைய சேலைகளை வேலி முழுக்கக் கட்டினேன். சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கிய முப்பது சேலை. முதல் பன்னிரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. பதின்மூன்றாம் நாள் சேலைக்கு அடியில் நுழைந்து வந்தன. முடிதிருத்தகத்திலிருந்து மூட்டையில் முடி வாங்கி வந்து வரப்போரம் தூவினேன். மோப்பம் பிடிக்கும்போது மூக்கில் ஏறி உறுத்தும், மனித வாசமும் இருக்கும். நன்றாக வேலை செய்தது, ஒரு மழை பெய்யும் வரை. வானொலிப் பெட்டியை இரவு முழுக்கப் பாடவிட்டேன், ஒரு வாரம். மின்னும் விளக்கு நான்கு நாள். எதுவுமே வீண் இல்லை, எதுவுமே நிலையும் இல்லை. பன்றிக்குப் புதியது எதுவானாலும் பயம். அதனால் தீங்கு இல்லை என்று தெரிந்துகொள்ள அதற்குச் சில நாள் போதும். சங்கப் பாடல் ஒன்றில், தினைப்புனத்தின் பொறி வைத்த நுழைவழிக்குள் புகப்போகும் சிறுகண் பன்றி, பக்கத்தில் பல்லி ஒலித்ததும் பின்வாங்கித் தன் கல்லளைக்கே போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே எங்களைப் போல யாரோ இரவில் விழித்திருந்து அதைக் கவனித்திருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தைத்தான் நாம் பயன்படுத்த வேண்டும். சேலை பத்து நாள், எடுத்துவிட்டு முடி, பிறகு விளக்கை இடம் மாற்றி, பிறகு மறுபடியும் சேலையை வேறு பக்கத்தில். எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டியவர்கள் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் இழந்தார்கள்.

இனி எழுதப்போவது கசப்பானது. எங்கள் பகுதியில் ஒருவர், மூன்று வருடம் தொடர்ந்து மரவள்ளியைப் பறிகொடுத்தவர், மோட்டார் கொட்டகையிலிருந்து நேராக மின்சாரத்தை இழுத்து வேலிக்கம்பியில் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. வட்டிக்குக் கடன் வாங்கி நட்ட கிழங்கு. ஆனால் 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே என்ன நடந்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். பன்றிக்கென்று போட்ட மின்கம்பியில் மூன்று யானைகள் விழுந்து செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தாயின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்தன. யானை மட்டுமா? இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரர், ஆட்டைத் தேடிப்போன சிறுவன் என்று மனிதர்களும் இப்படிச் செத்திருக்கிறார்கள். அவரிடம் நானும் பெரியப்பாவும் இரண்டு மணி நேரம் பேசினோம். “உன் மகன் பள்ளிக்கூடம் விட்டு இந்த வேலி ஓரமாகத்தானே வருகிறான்” என்று பெரியப்பா கேட்டதும் அவர் கம்பியைக் கழற்றினார்.

அவுட்டுக்காயும் அப்படித்தான். பழத்துக்குள்ளோ கொழுப்புக்குள்ளோ நாட்டுவெடியை மறைத்து வைப்பது. கடித்ததும் வாய் சிதறும். பன்றி அங்கேயே சாவதில்லை, தாடை பிளந்து நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். அதைப் பன்றி மட்டும்தான் கடிக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? பசுமாடும் கடிக்கிறது, யானைக்குட்டியும் கடிக்கிறது. இதைச் செய்கிறவர்களை நான் விவசாயி என்று சொல்ல மாட்டேன்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்த காட்டுப்பன்றி, 2022 திருத்தத்தில் இரண்டாம் அட்டவணைக்கு வந்தது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் தேவைப்பட்டால் வனத்துறையினர் சுடலாம். சுடுவது வனத்துறையின் வேலை, நம்முடையது இல்லை. எங்களுக்கு அரைக் கிலோமீட்டரில் காடு, ஆகவே எங்களுக்கு வேலியும் காவலும்தான் வழி.

இழப்பீடு கேட்பவர்களுக்கு ஒன்று. முதல் வருடம் மிச்சக் கடலையைப் பிடுங்கி விற்றுவிட்டு, நிலத்தையும் உழுதுவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். பார்வையிட எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சேதம் தெரிந்த அன்றே வனக்காப்பாளருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லுங்கள். தேதி தெரியும்படி படம் எடுங்கள், குளம்புத் தடம் உட்பட. சிட்டா, அடங்கல் நகலைக் கையில் வைத்திருங்கள். அவர்கள் வந்து பார்க்கும் வரை கிளறிய மண்ணைத் தொடாதீர்கள்.

ஐந்தாம் வருடம் சூரிய மின்வேலி போட்டேன். இதற்கான விதிகளைத் தமிழ்நாடு அரசு 2023இல் கொண்டுவந்தது. வனத்துறையிடம் பதிவு செய்துதான் போட வேண்டும். இதில் மின்சாரம் தொடர்ந்து ஓடாது. நொடிக்கு ஒரு முறை கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவான துடிப்பாக வரும். சுளீரென்று அடிக்கும், உயிரை எடுக்காது. போட வந்த ஆள் வழக்கம்போல முதல் கம்பியைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கட்டப்போனார். நான் விடவில்லை. ஒரு சாண் உயரத்தில் ஒன்று, ஒரு முழத்தில் ஒன்று, இரண்டு முழத்தில் ஒன்று. காரணம் மறுபடியும் மூக்குதான். பன்றியின் உடம்பு முழுக்க விறைத்த மயிர், வளர்ந்த ஆணுக்குத் தோள்பட்டையில் கேடயம் போலத் தடித்த தோல். கம்பி அங்கே பட்டால் அதற்கு உறைக்காமலே போகலாம். ஈரமான மூக்கு நுனியில் பட வேண்டும். அது புதிய பொருளை மூக்கால் தொட்டுப் பார்க்காமல் விடாது. முதல் இரவே தொட்டுவிட்டால் அதன் பிறகு அந்தக் கூட்டமே பல நாள் தள்ளி நடக்கும். எனவே வேலி போட்ட முதல் இரவிலிருந்தே மின்சாரம் இருக்க வேண்டும். சும்மா இருக்கும் கம்பியை ஒரு தடவை அது தள்ளிப் பார்த்துவிட்டால் பிறகு நம் பேச்சைக் கேட்காது. அடிக்கம்பியில் புல் பட்டால் துடிப்பு மண்ணுக்குள் இறங்கிவிடும். வாரம் ஒரு முறை அரிவாளோடு குனிந்து சுற்றி வருவதுதான் இந்த வேலியின் உண்மையான விலை.

கிளுவை வேலியையும் விடவில்லை. கோடை மழைக்கு முன் கிளுவைக் கிளைகளைப் போத்தாக வெட்டி, சந்து தெரிந்த இடமெல்லாம் ஒரு சாண் இடைவெளியில் ஊன்றினோம். அடியில் ரயில் கற்றாழை. மூன்று வருடத்தில் தூரும் கற்றாழையும் பின்னிக்கொண்டன. கொங்கு நாட்டில் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றி நம் பாட்டன் வைத்த வேலி இது. பெரும்பாலோர் அதைப் பிடுங்கிவிட்டு ஐந்தடிக் கல்லும் கம்பியும் நட்டோம். அந்தக் கம்பி நில அளவைக்குப் பயன்படும், பன்றிக்கு இல்லை.

ஆபத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் நாய் செவலை ஒரு விடியலில் குட்டியோடு இருந்த கூட்டத்தைத் துரத்தியது. தாய்ப்பன்றி திரும்பியதைத்தான் பார்த்தேன். அடுத்த கணம் நாயின் விலா கிழிந்திருந்தது. கால்நடை மருத்துவர் தையல் போட்டுப் பிழைக்கவைத்தார். பன்றிக்காவலுக்கு நாயை ஏவிவிடாதீர்கள். குரைக்கட்டும், கட்டிப்போட்ட இடத்திலிருந்து. ஆண் பன்றியின் கீழ்க்கோரைப்பல் வாழ்நாள் முழுக்க வளரும். மேல்பல்லில் உரசி உரசிக் கத்தி போலக் கூர் தீட்டிக்கொள்ளும். அது கீழிருந்து மேலாகக் கிழிக்கும், மனிதருக்குத் தொடையில் விழும். தொடை ரத்தக்குழாயில் பட்டால் மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விடும்.

ஒருமுறை இட்டேரியில் அந்த ஒற்றைப் பன்றியை எதிரில் பார்த்தேன். இரண்டு பக்கமும் வேலி, அதற்கும் எனக்கும் நடுவில் இருபது அடி. கத்த வேண்டும் என்று தோன்றியது. அதற்குத் திரும்பி ஓட வழி இருந்தால் கத்தலாம். பின்னால் ஆடுகள் வந்துகொண்டிருந்தன. நான் ஒரு பக்க வேலியோடு ஒட்டி, பாதையை அதற்கு முழுதாக விட்டுவிட்டு அசையாமல் நின்றேன். மயிர் சிலிர்த்தபடி ஒரு கணம் நின்றது. பிறகு என்னைக் கடந்து ஓடியது, சேற்று வாசம் மட்டும் என் மேல் தங்கியது. அதைச் சுற்றி வளைக்காமல் இருந்தால் பெரும்பாலும் அது விலகிப் போகவே பார்க்கும். காயம்பட்ட பன்றியிடம் இந்தக் கணக்கு செல்லாது. இரவில் இருசக்கர வண்டியில் போகிறவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பன்றி சாலையைக் கடந்தால் அதோடு முடிந்தது என்று வேகமெடுக்காதீர்கள். பின்னாலேயே வரிசையாக இன்னும் ஏழெட்டு வரும். எங்கள் சாலையில் நடந்த விபத்துகள் எல்லாம் இரண்டாவது பன்றியால் நடந்தவை.

செத்த பன்றியைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்து இறந்தபோது அது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியானது. மனிதருக்கும் ஆடுமாடுகளுக்கும் அது வராது. வளர்ப்புப் பன்றி வைத்திருப்பவர்களின் பிழைப்பை ஒரே வாரத்தில் அழித்துவிடும்.

இவ்வளவு இழந்த பிறகும் பன்றியே இல்லாமல் போகட்டும் என்று நான் வேண்டியதில்லை. மலையில் அது கிளறிய இடத்தில் மழைநீர் இறங்குவதையும் விதை முளைப்பதையும் பார்த்திருக்கிறேன். புலியும் சிறுத்தையும் செந்நாயும் அதைத் தின்று வாழ்கின்றன. மேலே அதற்குப் பஞ்சம் வந்தால் சிறுத்தை எங்கள் பட்டி ஆடுகளைத் தேடி இறங்கும். பெரியப்பா இதைச் சுருக்கமாகச் சொல்வார்: “அது அங்கே இருக்கட்டும், நாம் இங்கே இருக்கலாம்.”

இந்த வருடக் கடலை முழுதாக வீடு வந்தது. பிடுங்குவதற்கு நான்கு நாள் முன்பு அடிக்கம்பிக்கு வெளியே ஈர மண்ணில் தடம் பார்த்தேன். நேராக வந்த பெரிய குளம்பு கம்பிக்கு அருகில் ஆழமாக அழுந்தி, அங்கேயே திரும்பியிருந்தது. அதன் பின்னால் என் கட்டைவிரல் அளவுக் குட்டித் தடங்கள். எல்லாம் சேர்ந்து தெற்கே போயிருந்தன, கம்பியைக் கழற்றினாரே, அவருடைய மரவள்ளிக் காட்டுக்கு. என் வேலி என் பயிரைக் காப்பாற்றி அவருடைய காட்டுக்கு வழி காட்டியிருக்கிறது. அன்று முழுக்க மனது சரியாக இல்லை. மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் வேலிக்குப் போனோம். பெரியப்பாவுக்கு இப்போது முழங்கால் வலி, குந்த முடியவில்லை. வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இருவரும் குனிந்து எண்ணினோம். பதினேழு சந்துகள். வருகிற கோடைக்கு நானூறு கிளுவைப் போத்து வேண்டும். எங்கள் வேலியிலிருந்தே வெட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.